டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதித் தரலன்னு கவலையா?

கேள்வி கேட்ட தங்கச்சி சொன்னதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், அப்பதான் மத்தவங்களுக்கும் புரியும். தென்னாப்பிரிக்காவுல டர்பனுக்கு வந்து ஒன்றரை வருஷம், பொண்ணுக்கு மூணரை வயசு, ஜனவரில க்ரெச்ல சேர்த்ததுல இருந்து மாசாமாசம் சளி. இந்த தடவை 9 நாளா இருமல், முதல் ரெண்டு நாள் காய்ச்சல் இருந்துச்சு இப்ப இல்ல, மூக்குல பச்சையா வருது. ஜிபி (பக்கத்துல இருக்கற பொது டாக்டர்) பார்த்துட்டு வைரஸ் தான், பனாடோவும் (இங்க விக்கற பாராசிட்டமால்) மூக்குக்கு சலைனும் (உப்புத் தண்ணி சொட்டு) போதும்னு அனுப்பிட்டார். வீட்ல போன மாசம் காது வலிக்கு வாங்கின ஆன்டிபயாடிக் சிரப் பாதி பாட்டில் ஃப்ரிட்ஜ்ல இருக்கு, மதுரைல இருந்து வந்திருக்கிற மாமியார் இன்னும் ரெண்டு பாட்டில் கொண்டு வந்திருக்காங்க, கொடுத்துப் பார்த்தா என்னன்னு வீட்ல பேச்சு. கொடுக்கலாமா அக்கான்னு கேக்கறாங்க.

கொடுக்காதீங்கம்மா. ரெண்டையுமே கொடுக்காதீங்க. நான் இங்க டர்பன்ல பார்மசி கவுன்ட்டர்ல நிக்கறவ, இந்தக் கேள்வி குளிர்காலம் முழுக்க வரும், இங்க இந்திய வம்சாவளி ஆளுங்க நிறைய இருக்கற சாட்ஸ்வொர்த்ல பொறந்து வளர்ந்தவங்களும் கேப்பாங்க, நம்ம மாதிரி ஊர்ல இருந்து வேலைக்கு வந்தவங்களும் கேப்பாங்க. அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல அந்த ஃப்ரிட்ஜ் பாட்டில். குழந்தைங்க ஆன்டிபயாடிக் சிரப் பெரும்பாலும் பவுடரா தான் வரும், வாங்கும்போது நாங்க தண்ணி கலந்து தருவோம். கலந்த நிமிஷத்துல இருந்து அதுக்கு ஆயுசு எண்ண ஆரம்பிச்சுடும். காதுக்கு அடிக்கடி எழுதற அமாக்ஸிசிலினும் க்ளாவுலானிக் ஆசிடும் சேர்ந்த சிரப்னா ஃப்ரிட்ஜ்ல வச்சே 7 நாள் தான், அதுக்கப்புறம் மருந்து சிதைஞ்சு போயிடும், பார்க்க அப்படியே வெள்ளையா தான் இருக்கும் ஆனா உள்ள எவ்வளவு மருந்து மிச்சம் இருக்குன்னு யாராலும் சொல்ல முடியாது. போன மாசம் கலந்ததுன்னா அது முடிஞ்ச கதை. பாதி மீதி இருக்கேன்னு மனசு உறுத்த வேண்டாம், பாட்டில் கம்பெனில இருந்து ஒரே அளவுல தான் வரும், உங்க பொண்ணு எடைக்கு 5 நாளைக்கு வேண்டியது அதைவிட கம்மியா இருந்திருக்கலாம். டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் கொடுத்தீங்கன்னா சரி. நடுவுல நிறுத்தி அடுத்த தடவைக்கு ஆகும்னு எடுத்து வச்சதுன்னா தான் பிரச்சனை.

மாமியார் கொண்டு வந்தது வேற விஷயம். அவங்க பேத்தி மேல உள்ள பாசத்துல, அந்த ஊர்ல டாக்டரை எப்ப பார்ப்பீங்களோன்னு கவலைப்பட்டு கொண்டு வந்திருக்காங்க, அதை நான் குறையா சொல்லவே மாட்டேன். ஆனா எத்தனை மில்லிகிராம் சிரப்னு தெரியாம, பாப்பா எடை கணக்கு பண்ணாம, முக்கியமா எந்த நோய்க்குன்னே தெரியாம கொடுக்கற மருந்து அது. இங்க ஆன்டிபயாடிக் எல்லாம் ஷெட்யூல் 4, சீட்டு இல்லாம நாங்க தர முடியாது. இந்தியாவுலயும் சட்டம் அப்படித்தான், பல ஆன்டிபயாடிக்கை 2014ல ஷெட்யூல் ஹெச்1 பட்டியல்ல சேர்த்தாங்க, அட்டையில சிவப்பு கோடு போட்டு வர்றதுக்கு அர்த்தமே சீட்டு இல்லாம வாங்காதீங்கன்னு தான், ஆனா கடைல கேட்டா கிடைச்சுடுது. அதனால நம்ம பெரியவங்களுக்கு அது சாரிடான் மாதிரி சாதா மருந்தாவே மனசுல பதிஞ்சு போச்சு.

பச்சை சளிக்கு வருவோம், ஏன்னா பத்துல எட்டு அம்மாமாரு என்கிட்ட சொல்ற முதல் வார்த்தை இது தான், "வெள்ளையா இருந்துச்சு அக்கா, இப்ப பச்சையாயிடுச்சு, இன்ஃபெக்ஷன் ஆயிடுச்சு". சளி பச்சையா மாறுறது கிருமியோட நிறம் இல்லைங்க. வைரஸோட சண்டை போட வந்த வெள்ளை அணுக்கள்ல மையலோபெராக்ஸிடேஸ்னு ஒரு என்ஸைம் இருக்கு, அதுவே பச்சை நிறம், அந்த அணுக்கள் நிறைய சேர்ந்து உடைஞ்சா சளி பச்சை. சாதா ஜலதோஷத்துலயே மூணாவது நாலாவது நாள் மஞ்சள் பச்சைன்னு மாறி அப்புறம் தானா தெளியும். நிறத்தை மட்டும் வச்சு பாக்டீரியாவா வைரஸான்னு பிரிக்க யாராலும் முடியாது, டாக்டராலயும் முடியாது.

அடுத்தது நாள் கணக்கு. 9 நாளாச்சே இன்னும் போகலையேன்னு நீங்க பயப்படறீங்க. குழந்தைங்களுக்கு சளி எத்தனை நாள் இருக்கும்னு பல ஆய்வுகளை சேர்த்துப் பார்த்து 2013ல ஒரு கட்டுரை வந்துச்சு, பத்துல ஒன்பது குழந்தைக்கு ஜலதோஷம் முழுசா போக 15 நாள், இருமல் போக 25 நாள் வரைக்கும் ஆகுது. 25 நாள்! நம்ம எதிர்பார்க்கறது மூணு நாள், பொறுமையா இருந்தா ஒரு வாரம். க்ரெச் போற குழந்தைக்கு வருஷத்துக்கு ஆறு எட்டு தடவை, முதல் வருஷம் பத்து தடவை கூட சளி பிடிக்கறது சகஜம். ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்தது ஒட்டிக்கும், உங்களுக்கு அது ஒரே சளி மாசக்கணக்கா போகாத மாதிரி தெரியும். ஜனவரில சேர்த்தீங்க, இங்க ஆர்எஸ்வின்னு சின்னக் குழந்தைங்க மூச்சுக்குழாயை பிடிக்கற வைரஸ் பிப்ரவரி மார்ச்லயே கிளம்பிடும், அது ஓயறதுக்குள்ள ஃப்ளூ சீசன். பாப்பாவோட எதிர்ப்பு சக்தி பலவீனமா இருக்கு போலன்னு வீட்ல பேசிக்கிட்டு இருப்பீங்க, அப்படி எல்லாம் இல்ல, அந்த சக்தி இப்ப தான் ஒவ்வொரு வைரஸா பார்த்து கத்துக்குது.

"போன தடவை ஆன்டிபயாடிக் கொடுத்த ரெண்டே நாள்ல சரியாயிடுச்சே அக்கா." இதை கேக்காத நாளே இல்ல. யோசிச்சுப் பாருங்க, எப்ப டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடறோம்? முதல் நாள் போக மாட்டோம், பனாடோ கொடுத்துப் பார்ப்போம், கஷாயம் வைப்போம், நோய் உச்சத்துக்கு போன நாலாவது அஞ்சாவது நாள் தான் போவோம். உச்சத்துக்கு அப்புறம் இறங்க தான செய்யும். அந்த நேரத்துல எதைக் கொடுத்திருந்தாலும், வெறும் சர்க்கரை தண்ணி கொடுத்திருந்தாலும், பேர் அதுக்குத் தான் போயிருக்கும். ஒவ்வொரு தடவையும் இப்படி நடக்க நடக்க "என் பிள்ளைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தா தான் கேக்கும்"னு ஒரு நம்பிக்கை கல்லு மாதிரி உக்காந்துடுது.

இன்னொரு பயம், நெஞ்சுல இறங்கி நிமோனியா ஆயிடுமோ, முன்னாடியே கொடுத்துட்டா தடுக்கலாமேன்னு. இது நியாயமான பயம், இதை யாரும் லேசா பேசக் கூடாது. ஆனா இங்கிலாந்துல லட்சக்கணக்கான ஜிபி ரெக்கார்டை பார்த்து 2007ல வெளியிட்ட கணக்கு என்ன சொல்லுதுன்னா, சாதா சளிக்கு 4000 பேருக்கு மேல ஆன்டிபயாடிக் கொடுத்தா தான் ஒரே ஒரு நிமோனியாவை தடுக்க முடியும். மீதி அத்தனை பேருக்கும் அந்த லாபம் இல்ல, பக்க விளைவு வர வாய்ப்பு மட்டும் உண்டு. காது வலிக்கு ஆன்டிபயாடிக் வாங்கற குழந்தைங்க ஆய்வுகள்ல பார்த்தா சுமார் 14 பேருக்கு கொடுத்தா அதுல ஒருத்தருக்கு கூடுதலா வயித்துப்போக்கோ வாந்தியோ தோல்ல தடிப்போ வருது. 4000ல ஒண்ணு, 14ல ஒண்ணு, இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க.

இப்ப தான் முக்கியமான இடத்துக்கு வர்றேன். அடிக்கடி ஆன்டிபயாடிக் கொடுக்கறது நல்லதில்லன்னு எல்லா அம்மா அப்பாவுக்கும் தெரியும், நீங்களும் சொல்லுவீங்க. ஏன்னு கேட்டா "உடம்பு பழகிடும், அப்புறம் மருந்து கேக்காது"ன்னு தான் பதில் வரும். இங்க தான் தப்பா புரிஞ்சுக்கறோம். பழகறது உங்க பொண்ணு உடம்பு இல்ல, கிருமி. இந்த வித்தியாசம் சின்னதா தெரியுது, ஆனா இதுல தான் எல்லாமே இருக்கு. உடம்பு பழகுதுன்னு நினைச்சா "நம்ம பிள்ளைக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை தான கொடுக்கறோம், பரவால்ல"ன்னு கணக்கு போடுவோம், அது நம்ம வீட்டு சொந்த விஷயமா ஆயிடும். கிருமிக்கு வீடு வாசல் கிடையாது. நல்லா இருக்கற குழந்தை மூக்கு தொண்டைக்குள்ளயே, நிமோனியா உண்டாக்கக்கூடிய நியூமோகாக்கஸ் மாதிரி பாக்டீரியா சாதாரணமா குடியிருக்கும், ஒண்ணும் பண்ணாது. வைரஸ் சளிக்கு நீங்க ஆன்டிபயாடிக் கொடுத்தா வைரஸுக்கு ஒண்ணும் ஆகாது, இந்த பாக்டீரியால மருந்துக்கு மடங்கறதெல்லாம் செத்து, மடங்காத ஒண்ணு ரெண்டு பெருகி அந்த இடத்தை பிடிச்சுக்கும். ஒரு கோர்ஸுக்கு அப்புறம் இது மாசக்கணக்கா, ஒரு வருஷம் வரைக்கும் கூட தெரியுதுன்னு ஆய்வு இருக்கு. அது தும்மல்ல தம்பி பாப்பாவுக்கு போகும், க்ரெச்ல இன்னொரு குழந்தைக்கு போகும், உங்களோட 3 மாசம் இருக்க வந்த மாமியாருக்கும் போகும். அவங்கள்ல யாருக்காவது நாளைக்கு நிஜமாவே நிமோனியாவோ மூளைக்காய்ச்சலோ வந்தா டாக்டர் முதல்ல எடுக்கற மருந்து வேலை செய்யாம போகலாம்.

இது எங்கேயோ நடக்கறதுன்னு நினைக்காதீங்க, இந்தக் கதையில நம்ம டர்பன் பேரே இருக்கு. 1977ல டர்பன்ல குழந்தைங்ககிட்ட இருந்து எடுத்த நியூமோகாக்கஸ் பெனிசிலின், க்ளோராம்பெனிகால்னு ரெண்டு ஆன்டிபயாடிக்குக்குமே மடங்கலன்னு கண்டுபிடிச்சு லான்செட் மருத்துவப் பத்திரிகைல எழுதினாங்க. அடுத்த வருஷமே ஜோகன்னஸ்பர்க் ஆஸ்பத்திரிகள்ல இன்னும் பல மருந்துக்கு அடங்காத வகை பரவிக் கிடக்கறதா அறிக்கை வந்துச்சு. அதுவரைக்கும் பெனிசிலின் ஊசி போட்டா போதும்னு பெரும்பாலான டாக்டருங்க நம்பிட்டு இருந்த கிருமி அது. இன்னிக்கு நாம குழந்தையை தூக்கிட்டுப் போற இதே ஊர், இதே மாதிரி சின்னக் குழந்தைங்க. 2019ல உலகம் முழுக்க மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால நேரடியா செத்தவங்க சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர்னு கணக்கு, அதுல அஞ்சு வயசுக்கு கீழ உள்ள குழந்தைங்க நிறைய பேர்.

நல்ல செய்தியும் இதே நாட்டுல இருந்து தான். 2009 ஏப்ரல்ல அரசாங்க தடுப்பூசி பட்டியல்ல நியூமோகாக்கஸ் ஊசியை சேர்த்தாங்க, ஆப்பிரிக்காவுலயே இந்த நாடு தான் முன்னாடி. 2012க்குள்ள ரெண்டு வயசுக்கு கீழ உள்ள குழந்தைங்களுக்கு ரத்தத்துலயும் மூளையிலயும் போற மாதிரி வர்ற கடுமையான நியூமோகாக்கஸ் நோய் 69 சதவீதம் குறைஞ்சுது, பெனிசிலினுக்கு அடங்காத வகை 82 சதவீதம் குறைஞ்சுது. அதாவது நிமோனியாவை தடுக்கணும்னு உங்களுக்கு இருக்கற ஆசைக்கு சரியான வழி ஊசி தான், மிச்சம் வச்ச சிரப் இல்ல. பாப்பா இந்தியாவுல பொறந்தவன்னா நியூமோகாக்கஸ் ஊசி போட்டாச்சான்னு பழைய கார்டை எடுத்துப் பாருங்க, அங்க அது எல்லா மாநிலத்துக்கும் அரசு செலவுல வந்து சேர கொஞ்சம் தாமதமாச்சு. விட்டுப் போயிருந்தா க்ளினிக்ல கேளுங்க, இங்க குழந்தைங்க ஊசியும் எடையும் குறிக்கறதுக்கு தர்ற ரோட் டு ஹெல்த் புக்லெட்ல பதிஞ்சு தருவாங்க. வருஷா வருஷம் குளிருக்கு முன்னாடி ஃப்ளூ ஊசியும் போட்டுக்கலாம்.

டாக்டர் பக்கமும் ஒரு விஷயம் சொல்லணும். 1999ல லாஸ் ஏஞ்சலஸ்ல குழந்தை டாக்டருங்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. நோய் வைரஸ் தான்னு டாக்டருக்கே தோணுது, ஆனா இந்த அம்மா ஆன்டிபயாடிக் எதிர்பார்க்கறாங்கன்னு நினைச்சா 62 சதவீதம் தடவை எழுதிக் கொடுத்திருக்காங்க, எதிர்பார்க்கலன்னு நினைச்சா 7 சதவீதம் தான். அதுலயும் பாருங்க, அம்மா அப்பா திருப்தியா போனாங்களா இல்லையாங்கறது மருந்து கிடைச்சதால இல்ல, டாக்டர் விளக்கமா பேசினாரா இல்லையாங்கறதை பொறுத்துத் தான் இருந்துச்சு. நீங்க நிம்மதி தேடி போறீங்க, அவர் நீங்க மருந்து தேடி வந்திருக்கீங்கன்னு நினைக்கறார், நடுவுல குழந்தைக்கு வேண்டாத மருந்து. இங்க சாட்ஸ்வொர்த் ஃபீனிக்ஸ் பக்கம் நிறைய ஜிபி ரூம்ல அவங்களே மருந்தும் தருவாங்க, பார்க்கறதும் மருந்தும் சேர்த்து ஒரே காசு, அதனால வெறுங்கையோட வெளிய வந்தா காசு கொடுத்து ஏமாந்த மாதிரி இருக்கும்னு பல பேர் மனசு விட்டு சொல்லி இருக்காங்க. எனக்கு அது புரியுது, சம்பளத்தை எண்ணி செலவு பண்ற வீடு. ஆனா நெஞ்சுல ஸ்டெத் வச்சு மூச்சு எண்ணி காதுக்குள்ள லைட் அடிச்சு பார்த்துட்டு "இதுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம்"னு சொல்றதுக்குத் தான் அந்த காசு. உங்க ஜிபி நல்லா பார்த்திருக்கார்னு தான் நான் சொல்லுவேன். அடுத்த தடவை போகும்போது "ஆன்டிபயாடிக் வேணுமா டாக்டர்"னு ஆரம்பிக்காதீங்க, "எதைப் பார்த்தா நான் திரும்ப வரணும், எத்தனை நாள் பொறுக்கலாம்"னு கேளுங்க, பேச்சே வேற மாதிரி போகும்.

அந்தக் கேள்விக்கு நானும் பதில் சொல்றேன். பாப்பா தூங்கும்போது சட்டையை தூக்கி முழுசா ஒரு நிமிஷம் மூச்சு எண்ணுங்க, உங்க பொண்ணு வயசுக்கு காய்ச்சலும் அழுகையும் இல்லாத நேரத்துல 40ம் அதுக்கு மேலயும் இருந்தா அது வேக மூச்சு. ஒரு வயசுக்கு கீழன்னா 50, ரெண்டு மாசத்துக்கு கீழன்னா 60. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு கீழ உள்ள வாங்குதா, மூக்கு விரியுதா, உதடு நீலமாகுதா, தண்ணி கூட குடிக்க மாட்டேங்குதா, எழுப்பினா எழுந்திரிக்காம துவண்டு கிடக்குதா, இதுல ஒண்ணு இருந்தாலும் ராத்திரியா பகலான்னு பார்க்காம ஆஸ்பத்திரிக்கு போங்க. காய்ச்சல் விட்டு ரெண்டு மூணு நாள் நல்லா இருந்துட்டு மறுபடி நல்லா ஏறி வந்தாலும் காட்டணும், அப்ப பாக்டீரியா சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. மூணு மாசத்துக்கு கீழ உள்ள குழந்தைக்கு காய்ச்சல் வந்தா இந்த கணக்கே வேண்டாம், நேரா போயிடணும்.

இதை எல்லாம் படிச்சுட்டு ஆன்டிபயாடிக்கே விஷம்னு யாரும் முடிவு பண்ணிடாதீங்க, அப்படி பேசற அம்மாமாரும் இப்ப வர்றாங்க, அது எனக்கு இதைவிட பயமா இருக்கு. நிமோனியாவுக்கு அமாக்ஸிசிலின் உயிர் காக்கற மருந்து. தொண்டை விஷயத்துல இந்த நாட்டுல இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும், ஸ்ட்ரெப் பாக்டீரியா தொண்டை வலியை கவனிக்காம விட்டா ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டுப் போறது இங்க இன்னும் நடக்குது, ஆப்பிரிக்கா முழுக்க அதை ஒழிக்கணும்னு 2005ல நம்ம குவாசூலு நேட்டால் மாகாணத்துல ட்ராகன்ஸ்பர்க் மலைப்பக்கம் கூடி அறிக்கையே விட்டாங்க. அஞ்சுல இருந்து பதினஞ்சு வயசுக்குள்ள, மூக்கொழுகல் இருமல் இல்லாம, திடீர்னு காய்ச்சலும் கடுமையான தொண்டை வலியும் கழுத்துல வலிக்கற நெறிக்கட்டியும் இருந்தா கட்டாயம் காட்டணும், பெனிசிலின் எழுதினா ஒரு நாள் விடாம கொடுக்கணும். இன்னொண்ணு காசநோய். இந்த நாட்டுல காசநோய் அதிகம், அதனால ரெண்டு வாரத்துக்கு மேல விடாத இருமலோட எடை ஏறாம இருந்தாலோ குறைஞ்சாலோ, வீட்ல வேன்ல க்ரெச்ல யாருக்காவது காசநோய்னு தெரிஞ்சாலோ, க்ளினிக்ல சொல்லி பார்த்துடணும். வைரஸ் இருமலும் அவ்வளவு நாள் இருக்கும்னு மேல நானே சொன்னேன், அதனால இருமலோட சேர்த்து எடையைப் பாருங்க, விளையாட்டைப் பாருங்க. அப்படி சந்தேகம் இருக்கற இடத்துல வீட்ல இருக்கற மாத்திரையை கொடுத்து குழப்பினா நோய் மறைஞ்சு மாசக்கணக்குல தள்ளிப் போயிடும்.

வீட்ல செய்யறது கொஞ்சம் தான். சலைன் விட்டு மூக்கை சுத்தம் பண்ணுங்க, ராத்திரி இருமலுக்கு ஒரு ஸ்பூன் தேன், ஒரு வயசுக்கு மேல மட்டும். ரசம், கஞ்சி, வெதுவெதுன்னு தண்ணி. கற்பூரவள்ளி துளசி கஷாயம் கொஞ்சமா கொடுக்கணும்னு அத்தைக்கு ஆசைன்னா கொடுக்கட்டும். ஆனா கற்பூரத்தை எண்ணெயில போட்டு காய்ச்சி நெஞ்சுல தேய்க்கறது வேண்டாம், கை வாய்னு உள்ள போனா வலிப்பு வரும். கொதிக்கற தண்ணியில ஆவி பிடிக்க வைக்கறதும் வேண்டாம், அதுல வெந்து போற குழந்தைங்க எல்லா ஊர்லயும் உண்டு. கடைல விக்கற இருமல் சிரப் இந்த வயசுல எதுவுமே வேண்டாம், பிரயோஜனமும் இல்ல, 2025ல காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரான இருமல் சிரப்பை குடிச்சு மத்தியப் பிரதேசத்துல குழந்தைங்க கிட்னி போய் செத்தது உங்களுக்கே ஞாபகம் இருக்கும்.

அத்தைகிட்ட சொல்லும்போது "டாக்டர் வேண்டாம்னுட்டார்"னு மட்டும் சொன்னா அவங்க மனசு ஆறாது. இந்த மருந்து பாப்பாவை ஒண்ணும் பண்ணலன்னாலும் அவ மூக்குல வளர்ற கிருமி உங்களுக்குத் தான் அத்தை முதல்ல ஒட்டும், வயசான உடம்பு, அப்ப உங்களுக்கு மருந்து கேக்காம போயிடும்னு உக்காந்து பொறுமையா சொல்லுங்க. என் அனுபவத்துல பாட்டிமாருக்கு இது சட்டுனு புரியும். பாட்டில் எல்லாத்தையும் சிங்க்ல கொட்டாம உங்க பக்கத்து பார்மசில கேட்டு திருப்பிக் கொடுத்துடுங்க, நாங்க முறையா அழிப்போம்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்கு பதில் எழுதுங்க, பாப்பா இப்ப எத்தனை கிலோ, காய்ச்சலுக்கு நீங்க கொடுக்கறது இங்க வாங்கின பனாடோவா இல்ல ஊர்ல இருந்து வந்த சிரப்பா? இங்க உள்ளதுல 5 மில்லில 120 மில்லிகிராம், ஊர்ல 250 உள்ளது சகஜம், ஒரே ஸ்பூன்னு நினைச்சு மாத்தி கொடுத்தா ரெட்டை அளவு போயிடும். எடையைச் சொன்னீங்கன்னா எத்தனை மில்லின்னு கணக்கு போட்டு சொல்றேன்.